மேல்மாடியும் கிளினிக் கொப்பியும்

படலையடியில் வான் வண்டியின் ஹோர்ன் கேட்டபோது அன்னப்பூரணி பிறசர் பார்க்கும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் முழிசியபடி நின்றாள். அலுமாரிக்குள் வைக்க முடியாது. வீடு பார்க்க வருகிற மாப்பிள்ளையின் தாய் அலுமாரியைத் திறக்காமல் போனதாக மட்டக்களப்பில் சரித்திரம் இல்லை. கடைசியில் அரிசி வாளிக்குள் மெஷினைத் திணித்து, நாலு சுண்டு அரிசியை மேலே கொட்டி மூடினாள்.

மகள் ஆர்த்திகாவுக்கு வயது இருபத்தாறு. ஆறு மாதத்துக்கு முன் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தபடியே நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊருக்குள், புளியந்தீவில் காட்டினால் கதை நாலு திசைக்கும் போய்விடும் என்று, சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பாராத ஏறாவூருக்கு அவளைக் கூட்டிப் போனாள் தாய். "இப்ப இளம் புள்ளையளுக்கும் பிறசர் வருது அம்மா. குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க" என்றார் பஹ்மி டொக்டர், பிறசரையும் மருந்தையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தபடி. அன்னப்பூரணி பவ்வியமாகத் தலையை ஆட்டினாள். ஐந்து நாளைக்கு முன் நிப்பாட்டியும் விட்டாள்.

எல்லாம் காலால் வந்த வினை. அந்தக் குளிசையால் பிள்ளையின் கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. கொலுசு பூட்ட முடியவில்லை. தேத்தண்ணித் தட்டோடு வரும் பெண்ணை முகம் பார்ப்பவர்களைவிடக் கால் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

"டொக்டரிட்டக் கேட்டு வேற குளிசை மாத்துவம் அம்மா" என்றாள் ஆர்த்திகா.

"அஞ்சு நாள்தானே மனே. அதுக்குள்ள செத்தா போயிருவாய்?"

சொன்ன வாயை அன்னப்பூரணி தானே பொத்திக்கொண்டாள். குளிசையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை சிவதர்ஷனுக்கு வங்கியில் வேலை, வயது முப்பது. வந்ததிலிருந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தான். அவன் தாய் புஸ்பம், மகன் குடிவரப் போகும் வீடல்லவா என்று சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், எதிர்பார்த்தபடியே அலுமாரியையும் திறந்து பார்த்தாள். ஆர்த்திகாவின் தகப்பன் நல்லரத்தினம் சீதனமாகக் கொடுக்கப் போகும் வீட்டின் உறுதிப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சாதகம் எட்டுப் பொருத்தம்" என்றாள் புஸ்பம். "புள்ளைக்கு வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லையே கா?"

"என்ன கதைக்கிறீங்க அக்கா! தடிமன் காய்ச்சல் கூட வந்தறியாள்" என்றாள் அன்னப்பூரணி.

அந்த நேரம் பார்த்து ஆர்த்திகா தட்டோடு வந்தாள். கோப்பைகள் கிடுகிடுத்தன. முகம் வெளிறிக் கிடந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள்.

"அம்மா, மெஷின் எங்க?"

"என்ன மெஷின் புள்ள?" என்றாள் அன்னப்பூரணி. அவள் கண் தன்பாட்டில் குசினிப் பக்கம் போய் வந்தது.

அது போதும். ஆர்த்திகா எழும்பிப் போனாள். வாளி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அரிசி உதிர உதிர மெஷினைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் கையில் பட்டியைச் சுற்றினாள். நூற்று அறுபத்தெட்டு, மேலே. நூற்றுப் பத்து, கீழே.

"எனக்குப் பிறசர் இரிக்கு மாமி. கால் வீக்கம் உங்கட கண்ணுக்குத் தெரியக்கூடாதாம் எண்டு அஞ்சு நாளாக் குளிசை போடல்ல."

அன்னப்பூரணிக்குப் பூமி பிளந்தால் நல்லது போல இருந்தது. புஸ்பம் எழும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். புஸ்பம் எழும்பவில்லை. கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நோயாளிப் புள்ள எண்டு தெரிஞ்சும் நாங்க எடுக்கிறதெண்டா, மறுகா நீங்களும் கொஞ்சம் யோசிக்கத்தானே வேணும்? மேல ஒரு மாடியைக் கட்டித் தாங்க."

நல்லரத்தினம் உறுதியை மடித்துச் சட்டைப் பைக்குள் செருகினார்.

"எனக்கும் ஒருக்காப் பாருங்களன்" என்று கையை நீட்டினான் சிவதர்ஷன்.

"உனக்கு என்னத்துக்கு?" என்று தாய் அதட்டுவதற்குள் ஆர்த்திகா பட்டியைச் சுற்றிவிட்டாள். மெஷின் உறுமி, ஊதி, இறங்கியது. நூற்று எண்பத்திரண்டு. நூற்றுப் பதினெட்டு.

"வான்ல வந்த அலுப்பு" என்றாள் புஸ்பம் அவசரமாக. "வங்கி வேலை லேசா? ஆம்புளப் புள்ளைக்குப் பொறுப்புக் கூடினா பிறசரும் கூடத்தான் செய்யும். அதெல்லாம் ஒரு வருத்தமா?"

"ரெண்டு மாசமாப் பிடரி வலி, நெஞ்சுப் படபடப்பு" என்றான் மகன், நிலத்தைப் பார்த்தபடி. "கலியாணம் முடியட்டும், மறுகா டொக்டரிட்டக் காட்டுவம் எண்டு அம்மாதான் சொன்னவ."

அன்னப்பூரணி இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் மகளுக்கு நூற்று அறுபத்தெட்டு, அவள் நோயாளி. அவனுக்கு நூற்று எண்பத்திரண்டு, அவன் பொறுப்பானவன். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே பள்ளிக்கூடத்தில்தான் தானும் படித்தாள் என்பது அதைவிடச் சுட்டது.

உள்ளே போய், ஒளித்து வைத்திருந்த குளிசையையும் ஒரு கிளாஸ் தண்ணியையும் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க மகளின் கையில் கொடுத்தாள்.

"போடு மனே. பின்னேரம் ஏறாவூருக்குப் போய் டொக்டரிட்டச் சொல்லுவம், நான்தான் நிப்பாட்டின எண்டு. கால் வீங்கினா வீங்கட்டும்."

பிறகு புஸ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

"மேல்மாடி வேணாம் அக்கா. படி ஏறினா தம்பிக்கு நெஞ்சு படபடக்கும்."

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றப் பெரும் பாடுபட்டார். சிவதர்ஷன் பாடுபடாமலே சிரித்துவிட்டான்.

வானில் ஏறும்போதும் புஸ்பம் விடவில்லை. வீடு அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "அப்ப முடிவு என்ன எண்டு சொல்லுங்களன். சாதகத்தை வேணுமெண்டா இன்னொரு சாத்திரியாரிட்டயும் காட்டுவம்."

அன்னப்பூரணி மகளைப் பார்த்தாள்.

"சாதகம் இருக்கட்டும் மாமி" என்றாள் ஆர்த்திகா. "இவரை நாளைக்கே டொக்டரிட்டக் கொண்டு போங்க. முடிவு கேட்டு வரக்குள்ள இவர்ர கிளினிக் கொப்பியைக் கொண்டு வாங்க. என்ட கொப்பியையும் எடுத்து வைக்கிறன்."