விளக்கு வைத்த பிறகு ஒரு கரண்டி மாவு

டவுனின் பணக்காரப் பகுதியான ஃபேர்லேண்ட்ஸில் மாடி வைத்து வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருஷமாகியும், அந்தத் தெருவில் சென்னியம்மாளுக்குப் பேச்சுத்துணை என்று வாய்த்தது ஒரே ஒரு ஆள்தான். எதிர்வீட்டுச் சுகிர்தம் டீச்சர்.

புருஷன் ராசப்பன் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தான். வண்டியோடு வடக்கே கிளம்பினால் திரும்பி வர இரண்டு மாதமாகும், மூன்று மாதமும் ஆகும். மகனை ஏற்காட்டில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் போட்டாயிற்று. அத்தனை பெரிய வீட்டில் மிச்சம் இருந்தது சென்னியம்மாள், பாத்திரம் துலக்க வரும் குஞ்சம்மாள், அப்புறம் ஒரு டெலிபோன்.

மோகனூர்ப் பக்கம் கரும்புக் காட்டில் நாலு பேரோடு சத்தம் போட்டுப் பேசி வளர்ந்தவள் அவள். இங்கே தெருப் பெண்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அழகாகச் சிரிப்பார்கள். கேட்டைத் திறக்க மாட்டார்கள். அவள் "ஏனுங்க" என்று ஆரம்பித்தாலே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். அதோடு அவளுக்கு வாய் அடைத்துப் போகும்.

சுகிர்தம் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. ஒரே மகன் பம்பாயில். பாடம் நடத்துகிறவர் யாராயிருந்தாலும் சென்னியம்மாளுக்கு டீச்சர்தான். அவரும் அதை ஒருநாளும் திருத்தியதில்லை. எண்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, அவரே தெருவைக் கடந்து வந்து கேட்டைத் திறந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு என்னவோ இருந்தது.

"இதென்னங்க டீச்சர், இட்லி மாவுங்களா?"

"ரொட்டி மாவும்மா. என் தங்கச்சி பொண்ணு அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்தா. தினம் கிளறி விடணும். நடுவுல மைதா, சர்க்கரை, பால் போட்டு ஊட்டணும். பத்தாவது நாள் பாகம் பிரிச்சு, ஒண்ணுல ரொட்டி சுடறது, ஒண்ணை நாம வச்சுக்கறது, மீதியைச் சிநேகிதங்களுக்குக் குடுக்கறது. விக்கக் கூடாது. கொட்டவும் கூடாது."

"இது பெரை மோரு மாதிரியில்லீங்க இருக்குது!"

"அதேதான். உறைமோருக்கு அமெரிக்காக்காரி அக்கான்னு வச்சுக்கோ. அங்கே ஆமிஷ்னு ஒரு ஜனம் இருக்காம். கரண்ட் வேண்டாம், கார் வேண்டாம்னு குதிரை வண்டியில போறவங்க. அவங்க பேரைச் சொல்லித்தான் இந்த ரொட்டி வீடு வீடாப் போகுதாம்."

"கரண்ட்டு வேண்டாம்னு நம்மூருல சொல்ல வேண்டியதே இல்லீங்க. அதுவா வராது."

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தெருவில் தன் பேச்சுக்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று சென்னியம்மாளுக்குப் பட்டது.

அன்றிலிருந்து ரொட்டி சுடும் நாள் அவளுக்குப் பண்டிகை நாள். குக்கரில் மணலைப் பரப்பி, வெயிட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டைத்தூள் போட்ட மாவை டப்பாவோடு உள்ளே இறக்கி, இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து கதை பேசுவார்கள்.

ரொட்டி நன்றாகத்தான் வந்தது. மிச்ச மாவைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் மனைவி மரியாதைக்கு வாங்கிக்கொண்டாள். மறுநாள் பாட்டில் பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. அவள் வீட்டு முருங்கை மரத்தடி வெள்ளையாகக் கிடந்தது. ஊரிலிருந்து வந்த நாத்தனார் காளியாத்தாள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏ நங்கை, மைதாவக் கரைச்சு வச்சிருக்கற, சினிமா போஸ்டர் ஒட்டற வேலை ஏதாச்சும் எடுத்திருக்கறயா? சொல்லு, நானும் வாளி தூக்கிட்டு வாரேன்."

குஞ்சம்மாள் மட்டும் ஆசையாக எடுத்துப் போனாள். "தோசை சுட்டுப் போட்டேனுங்கம்மா. இனிப்பா இருந்துச்சு. புள்ளைங்க தட்டை நக்கிருச்சுங்க" என்றாள் மறுநாள்.

இதையெல்லாம் கேட்டு டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சென்னியம்மாளும் சிரித்தாள். ஆனால் பாட்டில்கள் அடுப்படியில் பெருகிக்கொண்டே போயின. ஒன்றைக்கூட அவள் கொட்டவில்லை. டீச்சர் கொட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாரே.

பங்குனியில் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, தனியாக இருக்கிற தைரியம்தான் முறிந்தது. மகன் வந்தான், வீட்டை விற்க ஏற்பாடு செய்தான், டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டான்.

"பத்து மாடிக் கட்டடமாம், சென்னியம்மா. பக்கத்து வீட்டுல யாருன்னே தெரியாதாம். மருமகள் என்கூட இங்கிலீஷ்லதான் பேசுவா, அதுவும் ரெண்டு வார்த்தை. நான் என்ன பண்ணப்போறேன் தெரியுமா? இந்த பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு கதவாத் தட்டுவேன். எவளாவது ஒருத்தி திறக்க மாட்டாளா?"

சொல்லிவிட்டு, பம்பாய் விலாசத்தைச் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்தார். ஸ்டேஷன் வரை தானும் வருவதாக, வழியில் சாப்பிட ரொட்டி சுட்டுத் தருவதாகச் சென்னியம்மாள் வாக்குக் கொடுத்தாள்.

ரயில் ஏறுகிற அன்று மத்தியானம் டெலிபோன் அடித்தது. திருச்செங்கோட்டிலிருந்து கொழுந்தன் வெள்ளியங்கிரி.

"நங்கை, பயப்படாதீங்க. மத்தியப் பிரதேசத்துல நேத்து நம்ம பக்கத்து ரிக் வண்டி ஒண்ணு பாலத்துல இருந்து கவுந்துருச்சாம். யாரு வண்டின்னு தெரியல. ஆளு சேதமாம். அண்ணன் போன் பண்ணுச்சுங்களா?"

ராசப்பன் போன் பண்ணி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவனும் மத்தியப் பிரதேசத்தில்தான் இருந்தான்.

ரிசீவரை வைத்தவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ரொட்டி மறந்தது. ஸ்டேஷன் மறந்தது. பொழுது சாய்ந்ததும் எழுந்து சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். திரி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் கேட் சத்தம் கேட்டது.

டீச்சர் பிரயாணப் புடவையில் நின்றார். மூச்சு வாங்கியது. கையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்.

"சென்னியம்மா, டாக்சி வந்துடுச்சு, நீ இன்னும் கிளம்பலையா? சாமான் கட்ட வந்தவ இருக்காளே, என் பாட்டிலைக் கழுவிக் கவுத்து வச்சுட்டா. உன்கிட்டதான் கடையே இருக்கே, ஒரு கரண்டி போட்டுக் குடு."

சென்னியம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். ஓரடி வைத்தவள் எரிகிற விளக்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.

விளக்கு வைத்த பிறகு பால், மோர், உப்பு, உறை எதுவும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. வீட்டு ஆம்பளை வெளியே பாதையில் இருக்கும்போது போகவே கூடாது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதைச் சட்டம் போல நடத்திவந்தவள் அவள். இன்றைக்கென்று பார்த்து, அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத இந்த நேரத்தில், தன் கையால் எடுத்துக் கொடுப்பதா?

"விடிஞ்சு தாரனுங்க டீச்சர்."

"விடிஞ்சா நான் பாதி தூரம் போயிருப்பேனேம்மா! என்ன ஆச்சு உனக்கு? முகமே சரியில்லையே."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இவளைக் கட்டிக்கொண்டிருப்பார். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் அது நிசமாகிவிடும் என்று பயந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. வெளக்கு வச்சாச்சுங்க. அதான்."

"அது மோருக்குத்தானே? இது மைதா மாவும்மா."

"பாலு ஊத்தித்தானுங்களே வளத்தறோம்..."

டீச்சர் காலி பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். தெருவில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். சென்னியம்மாளுக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. அவள் ஊரில் அவசரத்துக்கு உறைமோர் வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார்கள். வீட்டுக்காரி முதுகைக் காட்டி நிற்பாள், வந்தவள் தானாகவே எடுத்துக்கொண்டு ஓடுவாள். கொடுத்தால்தானே தோஷம், களவு போனால் தோஷமில்லை. இரண்டு பேரும் அதற்கு ஒரு வாரம் சிரிப்பார்கள்.

"டீச்சர், நானு செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கறனுங்க. நீங்களா எடுத்துட்டுப் போயிருங்க. நானு பாக்கவே இல்லீங்க."

அதை அவள் ஆசையோடுதான் சொன்னாள். சொன்னபடி திரும்பியும் நின்றுகொண்டாள்.



"திருடிக்கிட்டுப் போகச் சொல்றியா?" டீச்சரின் குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. "நான் கொண்டுவந்து குடுத்ததை, நானே, உன் முதுகுக்குப் பின்னால?"

"ஐயோ, அப்படி இல்லீங்க..."

"பிச்சைன்னாகூட முகத்தைப் பார்த்துத்தாம்மா போடுவாங்க."

அவள் திரும்பியபோது டீச்சர் வாசற்படி இறங்கிவிட்டிருந்தார். விழுந்ததில் அடிபட்ட காலை இழுத்து இழுத்து நடந்தார். சென்னியம்மாள் அடுப்படிக்கு ஓடி ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தேவிட்டாள். வாசல்வரைக்கும் வந்தாள். நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்சி கிளம்பி, தெருமுனையில் திரும்பி, மறைந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை ராசப்பனே பேசினான். கவிழ்ந்தது வேறு யாருடைய வண்டியோ. அவன் இருந்த காட்டில் லைன் கிடைக்காததால் போன் பண்ணவில்லையாம். "என்ன அழுவற? நானு நல்லாத்தான இருக்கறேன்?" என்றான்.

பாலத்திலிருந்து விழுந்த வண்டி, அவள் விளக்கேற்றியதற்கு முந்தின நாளே விழுந்துவிட்டது. சாயங்காலம் அவள் கரண்டியைத் தொட்டிருந்தாலும் தொடாமல் இருந்திருந்தாலும் அதில் மாறுவதற்கு எதுவும் இருக்கவில்லை. இது அவளுக்கு ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. விலாசம் காலண்டரில் இருக்கிறது. ராசப்பன் வந்ததும் சொல்லி, பம்பாய் போகும் ஏதாவது ஒரு லாரியில் மாவைக் கொடுத்தனுப்ப வேண்டும். பார்த்தால் டீச்சருக்குப் புரியும். புரியாவிட்டாலும், ஒரு கதவையாவது தட்டுவார். அந்த நினைப்பிலேயே தினமும் கிளறினாள், பால் ஊற்றினாள், சர்க்கரை போட்டாள். தெருவில் யாரோடும் பேசவில்லை. வெயில் ஏற ஏற மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாவு மட்டும் வேளாவேளைக்குத் தின்றது.

சித்திரைக் கடைசியில் ராசப்பன் வந்து இறங்கினான். இரவெல்லாம் வண்டியில் வந்த களைப்பு. அவன் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழட்டும், அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் உசிரோடு வந்ததற்கு நேர்ந்துகொண்டது பாக்கியிருந்தது. கோட்டை மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வர ஆட்டோ பிடித்தாள்.

திரும்பி வந்தபோது அடுப்படி ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. குஞ்சம்மாள் கழுவிய பாட்டில்களை ஈரத்தோடு வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாதானுங்கம்மா சொன்னாங்க" என்றாள், இவள் முகத்தைப் பார்த்துப் பயந்து.

ராசப்பன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "ஊடே கள்ளுக்கடையாட்டம் நாறுது! ஒரு பாட்டலு மூடி தெறிச்சு மேல உழுந்துருச்சு. அத்தனையும் சாக்கடையில ஊத்தச் சொல்லிட்டேன்... ஏன், என்னாச்சு? ஏ, என்னத்துக்கு இப்ப உக்காந்து அழுவற? மைதா மாவுக்கா? ஒரு மூட்டை வாங்கிப் போடறேன், எந்திரி."

"பெரை இல்லாம எப்படீங்க ஆகும்..."

அழுகையின் நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள். மாவு யாருடையது, டாக்சி, டீச்சர், பம்பாய். விளக்கு வைத்ததையும் சொன்னாள். எதற்காக வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ராசப்பன் கெட்டவன் இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யோசித்தான்.

"இவ்வளவுதான? பம்பாய்க்குப் போற லாரிக்கா பஞ்சம்? நாமக்கல்லுல நம்ம சின்னண்ணன் வண்டி நாளைக்கே லோடு ஏத்துது. மாவு போனாப் போவுது, மாம்பழ சீசன். நல்ல கூடையா ஒண்ணு கட்டி அனுப்பிச்சரலாம். டீச்சரம்மா சந்தோசமா வாங்கிக்குவாங்க."

சென்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒரு கரண்டி மாவு கேட்டவருக்குக் கூடைப் பழம். அந்தப் பத்து மாடியில், அந்தக் கதவுக்கு முன்னால் அதை இறக்கி வைக்கும்போது டீச்சரின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் பம்பாய் போக வேண்டியதில்லை.

"வேண்டாங்க" என்றாள். "அவிய வாங்க மாட்டாங்க."