சண்டைக்கென்று ஒரு இங்கிலீஷ்

"ஹவ் மெனி டைம்ஸ் ஐ டோல்ட் யூ..."

"யூ டோல்ட், யூ டோல்ட், யூ ஒன்லி டோல்ட்..."

"டெல் ஹர் டுடே, ஃபினிஷ். சாட்டர்டே லாரி கம்மிங். சி ரூசா கோயிங். வென் தென்?"

"நோ நீட். ஐ நோ வென் டு டெல். நோ நீட்."

இவ்வளவையும் திருச்செல்வமும் அவர் மனைவி புஷ்பவள்ளியும் ஒரே மூச்சில், ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசி முடித்தார்கள். சுற்றிலும் பெட்டிகளும் மூட்டைகளும். சனிக்கிழமை லாரி வந்தால் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சி ரூசாவில் மகள் மாதவி வாங்கியிருக்கும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதில் சண்டை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலையிடம் இன்னும் சொல்லவில்லை. அதுதான் சண்டை.

சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் பஞ்சாலையின் மகன் தேவன் சிரம்பானில் வீடு எடுத்து அம்மாவை அழைத்துப் போக வந்தான். பஞ்சாலை துணிகளை மூட்டையாகவே கட்டிவிட்டாள். அந்த முடிச்சை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கியவள் புஷ்பவள்ளி. எங்கேயும் போக வேண்டாம், நான்தான் இருக்கிறேனே என்றாள். பஞ்சாலை போகவில்லை. தேவன் காலிக் காரோடு திரும்பினான். இப்போது எந்த வாயை வைத்துக்கொண்டு, நான் கிளம்புகிறேன் என்று அவளிடம் போய் நிற்பது?

ஒரு மாதமாக இந்தச் சண்டை இங்கிலீஷிலேயே நடந்தது. தோட்டத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே பலகைச் சுவர். அதுவும் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் பஞ்சாலை. இரண்டு காதுகளுக்கும் தப்பிக்கத்தான், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த திருச்செல்வமும், ரெம்பாவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன புஷ்பவள்ளியும் சண்டையை மட்டும் இங்கிலீஷில் வைத்துக்கொண்டார்கள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. புஷ்பவள்ளிக்கு அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. தமிழில் அவரை 'நீங்க' என்று ஆரம்பித்தாலே கோபம் பாதி இறங்கிவிடும். இங்கிலீஷில் அந்தத் தொல்லை கிடையாது. புருஷனும் 'யூ', பூனையும் 'யூ'.

சாமான் கட்ட வந்திருந்த மாதவி மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"ஒன்னுமில்லம்மா. நீங்க பாட்டுக்குச் சண்ட போடுங்க."

"பதிவு பண்றியா? நிறுத்துடி அத."

மாதவிக்கு இதுதான் வேலை. கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சியே மக்கள் உண்மையில் பேசும் இங்கிலீஷைச் சேர்ப்பது. புத்தகத்தில் இருப்பதை அல்ல. பசார்க் கடைகளில், பஸ்ஸில், வீட்டுக்குள் வாயில் வருவதை. எந்தச் சொல் வந்தால் அடுத்து எந்தச் சொல் வருகிறது, எது எதோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது என்று பார்ப்பாள். காலையில் இருவரையும் இதற்காகவே உட்கார வைத்திருந்தாள். புஷ்பவள்ளி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, குட் மார்னிங், தி வெதர் இன் பெடாஸ் இஸ் வெரி பிளசன்ட் என்று டிவி செய்தி மாதிரி சொன்னாள். திருச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எஸ், இட் இஸ் வெரி பிளசன்ட் இன்டீட் என்றார். ஒரு வரிகூட உதவாது. சண்டை ஆரம்பித்த பிறகுதான் மாதவியின் முகத்தில் உயிர் வந்தது.

"அப்ப எங்க இங்கிலீஷ் தப்பா?" என்று கேட்டார் திருச்செல்வம்.

"தப்பு சரியெல்லாம் நான் பாக்கலப்பா. ஒரு பேச்சு எங்க ஆரம்பிச்சா எங்க போய் முடியுதுன்னுதான் பாக்கறேன்."

"உங்கம்மா ஆரம்பிச்சா முடியாது. அத எழுதிக்க."

மாதவி விளக்கினாள். அப்பா 'ஹவ் மெனி டைம்ஸ்' என்றால் அடுத்தது 'ஐ டோல்ட் யூ' தானாக வந்துவிடுகிறது; யோசித்துச் சொல்வதில்லை, ரயில் பெட்டி மாதிரி கோர்த்தே வருகிறது. அம்மாவின் 'நோ நீட்' முன்னாலும் பின்னாலும் துணையில்லாமல் தனியாக நிற்கிறது. வெள்ளைக்காரன் அதற்குத் தலையும் வாலும் வைப்பான். நமக்கு வேண்டாம். நம்முடைய 'வேணாம்'தான் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது என்றாள். புஷ்பவள்ளிக்கு அது பாராட்டா பழியா என்று தெரியவில்லை.

அப்போது பின்வாசல் கதவு திறந்தது. பஞ்சாலை உள்ளே வந்தாள். கையில் பெரிய மங்குக் கிண்ணம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. நெத்திலிச் சம்பல் வாசனை முன்னால் வந்தது.

புஷ்பவள்ளி அவசரமாக ஒரு பெட்டியை மறைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்து மூட்டை இருந்தது.

"வீடு கழுவுறோம், பஞ்சாலை," என்றாள்.

"கழுவுங்க. மொதல்ல சாப்பிடுங்க. இன்னிக்கு இங்க அடுப்பு எரியாது."

எப்படித் தெரியும் என்று மாதவி கேட்டாள். பஞ்சாலை மங்கை மேசைமேல் வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள்.

"அக்கா ஒரு தடவ 'நோ நீட்'னா வெறும் கோவம், அடங்கிரும். ரெண்டு தடவ சொல்லிருச்சுன்னா அன்னிக்குச் சமைக்காது. அண்ணே பிஸ்கட்ட டீயில முக்கித் தின்னுக்கிட்டுப் பாவமா உக்காந்திருக்கும். அதான் நான் ஒலையில அரிசி கூடப் போட்டுருவேன்."

திருச்செல்வமும் புஷ்பவள்ளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமும், சண்டை போட்ட நாளில் மட்டும் பஞ்சாலை வீட்டிலிருந்து மங்கு வரும். சில நாள் கருவாட்டுக் குழம்பு, சில நாள் ரசமும் அப்பளமும். அந்தப் பொம்பளைக்கு ஏதோ அருள் இருக்கிறது என்று திருச்செல்வம் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"அண்ணே ஆரம்பிக்கறது இப்படி," என்று பஞ்சாலை இடுப்பில் கை வைத்து, அவர் செருமுவது போலவே செருமினாள். "ஹவ் மெனி டைம்ஸ். உடனே ஐ டோல்ட் யூ. அக்கா விடுமா? யூ ஒன்லி, யூ ஒன்லி. இதுக்கெல்லாம் அர்த்தம் என்னான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஆனா நடுவுல நிறுத்துனா நான் முடிச்சிருவேன்."

திருச்செல்வம் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புஷ்பவள்ளிக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"அப்ப... அர்த்தம் தெரியாதுன்னா, இது எதுவும் தெரியாதுல்ல?" என்று மூட்டைகளைக் காட்டாமல் காட்டிக் கேட்டாள்.

"லாரி, சாட்டர்டே, சி ரூசா. இதெல்லாம் நான் பேசற தமிழ்தானக்கா."

பஞ்சாலையே மேலே சொன்னாள். தேவனைச் சனிக்கிழமை லீவு போடச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெரிய அலமாரியை அண்ணன் முட்டிவலியோடு தூக்க முடியாது. லாரிக்காரனை நம்பினால் கண்ணாடி தங்காது. கட்டுவதற்குப் பழைய சாரோங் துணி நாலைந்து எடுத்து வைத்திருக்கிறாளாம்.

"ஒரு மாசமா தெரியுமா? ஏன் கேக்கல நீ?" என்றாள் புஷ்பவள்ளி.

"நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்பட்டு இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான? சரி, தெரியாமயே இருப்போம்னு இருந்தேன்."

புஷ்பவள்ளி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். திருச்செல்வம் மங்கின் மேலிருந்த தட்டைத் தூக்கி, சம்பல் நிறைய இருக்கிறது, எல்லாரும் உட்காருங்கள் என்றார். ஒருவரும் உட்காரவில்லை.

மாதவிதான் பேச்சை மாற்றப் பார்த்தாள். கைப்பேசியைப் பஞ்சாலை முன்னால் நீட்டி, சித்தி, நீங்களும் ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லுங்க, உங்க பேரையும் போட்டுடறேன் என்றாள். எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும் என்று பஞ்சாலை சிரித்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். கைப்பேசியை அவள் பார்க்கவே இல்லை. புஷ்பவள்ளியின் காலடியில் இருந்த துணி மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, அதன் முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். மேலாக இருந்த சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். பிறகு திருச்செல்வம் மாதிரியே ஒரு தடவை செருமிக்கொண்டு சொன்னாள்:

"ஹவ் மெனி டைம்ஸ் ஐ டோல்ட் யூ. நோ நீட் கோ லா, அக்கா. நோ நீட்."