காதல் என்று குறித்தவன்

தர்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில் தூங்கி எழுந்ததும், புந்தோங்கில் வாடகை அறையில் உட்கார்ந்து, ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கு டேக் போடுவான். எப்போதோ முடிந்துபோன ஒரு டிவி நாடகத்தின் ஆட்களை வைத்து இன்னும் கதை எழுதிக்கொண்டிருந்தவர்களின் இணையத்தளம் அது. எந்த ஜோடி, காதலா நட்பா என்று கதையின் தலையில் போட்டாக வேண்டும். எழுதியவர் காலியாக விட்டால் தர்மா படித்துப் போடுவான். கதையில் இருப்பதைப் போடு, உன் ஆசையைப் போடாதே என்பது அங்கே சட்டம். மீறிய நாலு பேரை அவனே விரட்டியிருக்கிறான்.

லாரி ஓட்டும் மகேந்திரனும் நர்ஸ் புஷ்பலதாவும் நாடகத்தில் சேர்ந்து வந்தது மூன்றே காட்சி. அந்த ஜோடிக்கு எழுத இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் தர்மா. இன்னொருத்தி பாகான் செராய் ஊர்க்காரி ஷர்மினி. இரண்டு வருடப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. தினமும் அவனோடு பேசும் ஆள் அவள் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய புதுக் கதை டேக் இல்லாமல் வந்தது. அதில் மகேந்திரன் விடிந்ததும் லாரியை நிறுத்திவிட்டு, 'வந்து சேந்துட்டேன்' என்று புஷ்பலதாவுக்குச் செய்தி அனுப்புகிறான். அது வரும்வரை அவள் பல்கூடத் துலக்குவதில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் தர்மா ஷர்மினிக்கு அனுப்பும் அதே செய்தி.

இரண்டு முறை படித்தான். 'காதல்' என்று போட்டான். கீழே கடைக்குப் போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்தான்.

ஷர்மினி போனில் கூப்பிட்டாள்.

"டேய், என்னலா போட்டு வச்சிருக்க? அவங்க ஒரு கையக்கூட புடிக்கலயே!"

"அவ காத்துக்கிட்டு இருக்காளே."

"தூங்கி வழிஞ்சிக்கிட்டு லாரி ஓட்டுறவன் உசுரோட வந்தானான்னு பாக்குறா, அவ்ளோதான்லா. எங்க வீட்டுப் பூனை வரலன்னாலும் நான் பல்லு வெளக்க மாட்டேன்."

தர்மா சிரித்தான். வேறென்ன செய்ய.

"அப்ப ஏன் காலியா விட்ட?"

"மறந்துட்டேன்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். "நீ வேற எதயும் நெனைச்சுப் போடலதானே?"

"சேச்சே. கை தவறிருச்சு."

"மாத்திடு. கடைக்குப் போறேன், பாய்."

எழுதியவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அதுவும் சட்டம். 'நட்பு' என்று மாற்றினான். கதை நீங்கிவிட்டதா என்று பார்க்க அந்த ஜோடியின் காதல் பட்டியலைத் திறந்தான். நீங்கியிருந்தது. பதினோரு கதைகள் மிச்சம். எழுதியவர் பெயரைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனான்.

பதினொன்றும் அவன் எழுதியவை.