அக்கா காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி

அக்கா காரின் கண்ணாடியை நான் சரி செய்துவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அக்கா மாமாவிடம் கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டியையும் காரையும் கொண்டுவந்தாள். காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி காலையில் இறங்கும், மாலையில் ஏறாது. கார் தெருவில்தான் நிற்கும். மழை வேறு பெய்துகொண்டிருந்தது. அதனால் மாமா அச்சகத்தில் வேலை முடிந்ததும் தினமும் வருவார். வீட்டுக்குள் வரமாட்டார். அக்கா காருக்குள் உட்கார்ந்து பொத்தானைப் பிடித்திருப்பாள். அவர் வெளியே நின்று, கதவின் கைப்பிடிக்குக் கீழே அவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் உள்ளங்கையால் தட்டுவார்.

“அழுத்து.”

“அழுத்திட்டேன்.”

“விடு. மறுபடி அழுத்து.”

கண்ணாடி ஏறிவிடும். அவர் தெருமுனையில் திரும்பும்வரை அக்கா இறங்கமாட்டாள். அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு இவ்வளவுதான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ரெண்டு வார்த்தை கூடப் பேசினாங்க” என்பாள். இப்படியே ஒரு நாள் அக்கா அவரை உள்ளே கூப்பிட்டுவிடுவாள் என்று அம்மா நம்பியிருந்தாள்.

அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. “பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகத் துப்பில்ல, கார்க் கதவ மட்டும் தினம் வந்து அறைஞ்சுட்டுப் போறான். தெருவே வேடிக்கை பாக்குது. நீதான் சாயங்காலமானா கார் எலெக்ட்ரிக் வேலை படிக்கப் போறியே, அதச் சரி பண்ணித் தொலையேன்.”

“அத இப்பவே தொடணுமாடி? மழை விடட்டுமே” என்றாள் அம்மா.

என் கைமேல் நம்பிக்கை இல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். மிக்ஸியைப் பிரித்து மூட்டியபோது எனக்கு ஒரு திருகு மிஞ்சியது. அதிலிருந்து நான் எதைக் கையில் எடுத்தாலும் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள். இந்த முறை ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கோளாறைத் தேடும் முன் வண்டிக்காரரிடம் கேள் என்பார்கள் வகுப்பில். கேட்டேன்.

“ஏறாதுன்னு தெரிஞ்சும் எதுக்குக்கா தினம் இறக்குற?”

“காத்து வேணும்டி.”

“அந்தப் பக்கத்துக் கண்ணாடி நல்லாத்தானே வேலை செய்யுது?”

“அந்தப் பக்கத்துக் காத்து அந்தப் பக்கத்துக்குத்தான். போய் உன் வேலையப் பாரு.”

இது கோளாறுக்குச் சம்பந்தமில்லாத தகவல் என்று ஒதுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் பிடித்துத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சாவியை அப்பா எடுத்துக் கொடுத்தார். மற்ற கண்ணாடிகள் இயங்கின, ஃபியூஸும் நன்றாக இருந்தது. கண்ணாடியைப் பாதி இறக்கினேன், திரும்ப ஏறவில்லை. காருக்குள் விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினேன். மோட்டார் கரண்டை இழுத்தால் விளக்கு கொஞ்சம் மங்க வேண்டும். மங்கவில்லை. அப்படியென்றால் பொத்தானிலோ ஒயரிலோ மோட்டாரிலோ எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. கதவின் உள்பலகையைக் கழற்றினேன். அதன் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் உரித்தேன். மோட்டாருக்குப் போகும் ஒயரில் சோதனை விளக்கை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் மோட்டாரின் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளேதான் போகவில்லை. கண்ணாடி நழுவாமலிருக்க அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டு மோட்டாரை எடுத்துப் பிரித்தேன். உள்ளே சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்க வேண்டிய கார்பன் துண்டுகள் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. மாமா தட்டும் அதிர்வில்தான் அவை போய்த் தொட்டுக்கொண்டிருந்தன. புதியவற்றைப் போட்டு மூட்டினேன். கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு திருகுகூட மிஞ்சவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். “ஓ” என்றாள். அவ்வளவுதான். பாராட்டத் தெரியாதவள் என்று எனக்கு வருத்தம்.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்து காரை நிறுத்தினாள். கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. தூறல் தோளில் விழுந்தும் ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், நான் சரி செய்ததை மறந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமா வந்து கையை ஓங்கியபோது வாசலிலிருந்து ஓடினேன்.

“மாமா, தட்டாதீங்க! நான் சரி பண்ணிட்டேன். அக்கா, அழுத்திக் காட்டு!”

அக்கா அசையவில்லை. நானே பின்கதவைத் திறந்து கையை முன்னால் விட்டுப் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி இருவருக்கும் நடுவே சத்தமில்லாமல் ஏறி மூடிக்கொண்டது.

“அடடே, ஸ்பேனர்!” மாமா என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். “என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே.” சிரித்தார். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப சரி” என்றார் கண்ணாடியிடம். போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. “சனியன் விட்டுது” என்றார் அப்பா. அம்மா பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். அக்கா காலையில் எல்லாக் கண்ணாடிகளையும் மூடிக்கொண்டே வேலைக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று மாமாவுக்குப் போன் செய்தேன்.

“மாமா, கண்ணாடி மறுபடி ஏற மாட்டேங்குது.”

பின்னால் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“உங்கக்கா சொல்லச் சொன்னாளா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். எனக்கு வாயில் வரவில்லை.

“இல்ல மாமா. நானாத்தான்…”

“அப்ப அது நல்லா ஏறும். உன் வேலை தப்பாதும்மா” என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் அக்கா துணி மடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“ஆமான்னு சொல்லியிருக்கலாம்லடி” என்றாள், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இப்பக் கூப்பிட்டுச் சொல்றேன்க்கா. இல்லன்னா நீயே பேசேன்.”

“நான் பேசறதா இருந்தா அன்னிக்கே கண்ணாடிய இறக்கிப் பேசியிருக்க மாட்டேனா?” மடித்த சட்டையை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினாள். “நீ இனிமே சொன்னா, என்னக் கேட்டுட்டுச் சொல்றேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். விடு.”