வலது கை விரல்கள்

பந்து தன்னை நோக்கி வரும்போதெல்லாம் ஹெலனின் வலது கை அவளைக் கேளாமலே பின்னுக்குப் போயிற்று. இடது கையில் தடித்த தோல் கிளவுஸ் இருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வலது கை வெறுங்கை. ஷூ ஃபேக்டரியின் தையல் பிரிவில், ஓடும் ஊசிக்கு அடியில் தோலைத் திருப்பிக் கொடுப்பவை அந்தக் கையின் விரல்கள்தாம். பக்கத்து மெஷினில் ஜோதியின் ஆட்காட்டி விரலை ஊசி துளைத்ததை அவள் கண்ணால் பார்த்தவள். புண் ஆறிய பின்னும் அந்த விரல் மடங்கவில்லை. ஜோதியைப் பசை தடவும் மேசைக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் அவள் வருவதே நின்றுபோயிற்று. ஹெலனோ இன்னும் பயிற்சியில் இருப்பவள். அவள் விரல் மடங்காமற்போனால், மேசை மாற்றித் தரக்கூட யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டப் பயிற்சிக்கு மைதானத்தில் வந்து நின்றாள். ஃபேக்டரிகளுக்கு இடையிலான பெண்கள் சாஃப்ட்பால் போட்டிக்கு ஓர் ஆள் குறைந்தது. அவள் லைனில் செக்கிங் பார்க்கும் வஜீதா கேட்டபோது, யோசிப்பதற்குள் தலையாட்டிவிட்டாள்.

"நல்லா குனி. கிளவுஸ் தரையில இருக்கணும். பந்து உள்ள வந்ததும் வலது கையால மூடு," என்று சொல்லி வஜீதா மட்டையால் பந்தை அடித்தாள்.

பந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஹெலன் குனிந்தாள், முகத்தைத் திருப்பினாள், கையை இழுத்தாள். பந்து அவள் கால்களுக்கு நடுவே புகுந்து மதில்வரை ஓடியது.

"இன்னா ஹெலன், பந்துக்கு கேட்டு தொறந்து வுடுறியா?" என்றாள் பேக்கிங் பிரிவுச் சுந்தரி. பந்து அடிபட்டதும் முதல் பேஸுக்கு ஓட வேண்டியவள் அவள்; பந்து மதிலுக்கே போய்விட்டதால் அவசரப்படத் தேவையில்லை.

அடுத்த பந்துக்குக் கை பாதிதான் பின்வாங்கியது. கல்லில் பட்டு எழும்பிய பந்து நடுவிரல் நுனியில் இடித்தது. விரலை மடக்கிப் பார்க்கவும் துணிவில்லாமல் ஹெலன் அப்படியே நின்றாள்.

வஜீதா வந்து அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எல்லாம் மடங்கின.

"போய்டுச்சுனு நெனச்சேன்க்கா."

"நீ இழுக்கறதாலதாம்மா நுனில படுது. பந்து வர்றதுக்குள்ள நீ அதுங்கிட்ட போ. விரலு மேல பாத்து இருக்கட்டும்."

மறுபடியும் மட்டை சத்தமிட்டது. சுந்தரி ஓடத் தொடங்கினாள். ஹெலன் பந்தை நோக்கிக் கால்களை முன்னே வைத்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பந்து கிளவுஸுக்குள் தொப்பென்று விழுந்தது. வலது கை அதை மூடியது.

"எறி, எறி," என்று, சுந்தரிக்கு முன்னால் பந்தைப் பிடிக்க முதல் பேஸில் நின்ற தில்ஷாத் கத்தினாள்.

ஹெலன் கிளவுஸைக் கழற்றிப் பந்தோடு கீழே போட்டாள். வலது கையை முகத்தருகே கொண்டுவந்து, விரல்களை வரிசையாக மடக்கிப் பார்த்தாள். அதற்குள் சுந்தரி பேஸில் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வஜீதா சிரிக்கவில்லை. "அஞ்சும் இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"அப்ப பந்த எட்து எறி."

ஹெலன் எறிந்தாள். கிளவுஸை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் குனிந்தாள். பயம் போகவில்லை. வஜீதா மட்டையைத் தூக்கினாள். ஹெலன் வலது கையைக் கிளவுஸின் அருகே கொண்டுபோய், அங்கேயே வைத்திருந்தாள்.