நான்காவது துணைத்தேற்றம்

நவ்ரீன் இறங்கவேண்டிய கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ நின்று கிளம்பியும் அவள் இறங்கவில்லை. மறுநாள் காலை பேச வேண்டிய உரையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நான்காவது துணைத்தேற்றத்துக்கு வந்ததும் ஏதோ இடறியது.

அவளும் ஆன்றோவும் கணித ஆராய்ச்சி மாணவர்கள். கணிதத்தில் குலம் என்று சொல்லும் மாற்றங்களின் தொகுப்பு ஒன்று ஒரு வெளியின் புள்ளிகளை இடம் மாற்றிக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கலக்கலிலிருந்து ஓர் இயற்கணிதத்தைக் கட்டலாம். பெரும்பாலும் அந்த இயற்கணிதம் தன் பிறப்பை மறந்துவிடும். எந்தக் குலம், எந்த வெளியை, எப்படிக் கலக்கியது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில மட்டும் விறைப்பானவை, எதையும் மறக்காதவை. அப்படி ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்ததாக இருவரும் கட்டுரை எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் ஆன்றோவைத் தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னார். நாளைக்கு உரை கேட்க அவரும் வருகிறார்.

தேற்றத்தைத் தாங்கிநின்ற நான்காவது துணைத்தேற்றத்தில், முழுக் குலமும் வெளியை நன்றாகக் கலக்கினால் அதன் பகுதியான உட்குலமும் அப்படியே கலக்கும் என்று எழுதியிருந்தார்கள். டோல்கேட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றபோது அது ஏன் தப்பு என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு குலங்களைச் சேர்த்து ஒன்றாக்கினால் போதும். ஒன்று வெளியை இடவலமாக மட்டும் கலக்கட்டும், மற்றது மேல்கீழாக மட்டும். சேர்ந்து பார்த்தால் எல்லாமே கலங்கும். ஒன்றைத் தனியாக எடுத்தால், மற்றதன் திசையில் எதுவுமே அசையாது. முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தோன்றக்கூடிய உதாரணம். அவள் அதே ஆட்டோவில் நேராக ஆன்றோ வீட்டுக்குப் போனாள்.

திருவொற்றியூரில் ஆன்றோ வீட்டார் பெயிண்டுக் கடை வைத்திருந்தார்கள். கல்லாவில் இருந்த அவன் அம்மா ரெஜினா, மகனுக்கு வாங்கிய குளிர்ச் சட்டையைப் பிரித்துக் காட்டி, அந்த ஊர் குளிருக்கு இது தாங்குமா என்று கேட்டாள். நவ்ரீன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அவள் வரைந்து காட்டிய உதாரணத்தை ஆன்றோ பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"நாளைக்கு அந்த எடத்த வேகமா தாண்டிடு. யாரு கேக்கப் போறா?"

"எனக்கு தெரிஞ்சிபோச்சே. தெரிஞ்சிகினு எப்டி நின்னு பேசறது?"

"உனுக்கு இன்னா, உன் பொழப்பு இங்கியே கீது. எனுக்கு இத்த வுட்டா வேற ஒண்ணும் இல்ல நவ்ரீன்."

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். இருட்டும்வரை இருவரும் ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். கலப்பு இன்னும் வலுவானது என்று எடுத்துக்கொண்டால் நிரூபணம் நின்றது. ஆனால் அப்போது, புதிது என்று சொல்லிக்கொண்ட உதாரணங்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. மிஞ்சியது ஏறக்குறைய மற்றவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். அவள் கிளம்பியபோது, என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள், நான் வரவில்லை என்று ஆன்றோ சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் உரை நடக்கும் கூடத்தில் அவள் கண் வாசலிலேயே இருந்தது. அவன் வரவில்லை. முதல் வாக்கியமாகவே, எங்கள் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்லி அந்த உதாரணத்தைப் பலகையில் எழுதினாள். பிறகு அந்தப் பேராசிரியர், துணைத்தேற்றம் மட்டும்தான் பொய்யா, தேற்றமே பொய்யா என்று கேட்டார். அவள் பலகையில் எழுதியதைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாது. நாங்க இன்னும் பார்க்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆன்றோ எப்போது வந்து கதவோரம் நின்றான் என்று அவள் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் பேராசிரியரிடமிருந்து ஆன்றோவுக்குக் கடிதம் வந்தது. இந்த ஆண்டு இடமில்லை. கட்டுரையின் சரியான வடிவம் தயாரானதும் மறுபடி விண்ணப்பிக்கலாம். அதன்பிறகு ரெஜினா நவ்ரீனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆன்றோவும் சில நாள் அவள் போனை எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அவனே கூப்பிட்டான். சௌக்கியம்கூடக் கேட்கவில்லை.

"தேற்றமே பொய்யின்னு தோணுது. வூட்லதானே கீற? வரேன்."

நவ்ரீன் மேசைமேல் கிடந்ததையெல்லாம் ஒதுக்கி அவனுக்கு இடம் பண்ணினாள்.