விளிம்புகள் காயும் வேகம்

1

இந்தக் கதைக்குக் காரணம், நான் எழுதிய ஒரு தவறான கட்டுரை. நாகப்பட்டினத்தில் வரைந்துகொண்டிருந்த கல்பகம், கணவருக்கு ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் வேலை கிடைத்ததும் அங்கிருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அதற்கு முன் அவருடைய நீர்வண்ண ஓவியங்களில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காட்ட முடியாது. இங்கே வந்தபின் ஒவ்வொரு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. ‘ஊரை இழந்தவளின் காயம்’ என்று எழுதினேன். ஓவியங்கள் விற்றன. எனக்கும் பெயர் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: கல்பகம் கடலைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்களில்—

(வேண்டாம். இப்படி எழுதித்தான் மாட்டிக்கொண்டேன்.)

இரண்டாவது: ஈரம் இருக்கும்வரை ஒரு நிறம் அடுத்ததோடு கலக்கும். காயும்போது நிறத்துகள்கள் ஓரத்துக்கு நகர்ந்து கோடாகப் படியும். காபி சிந்திய இடத்தில் வட்டம் விழுவதும் இப்படித்தான். கடலோரக் காற்றில் காய நேரமாகும். ஹைதராபாத் ஏப்ரலில், தூரிகையை அடுத்த நிறத்தில் தோய்த்து எடுப்பதற்குள் கோடு விழுந்துவிடும்.

அவ்வளவுதான் காயம்.

3

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் கல்பகம்தான் சொன்னார்.

“இங்க சட்டுன்னு காஞ்சுடுது சார். நான் என்ன பண்ணட்டும்?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எங்க கேட்டீங்க? அச்சடிச்சுட்டுல்ல கொண்டாந்து காட்டுனீங்க!”

இந்தக் கோடையில் வீட்டில் ஏர்கூலர் வாங்கியிருந்தார்கள்.* காற்று நேராகப் படாத மூலையில் பலகையைப் போட்டுப் பன்னிரண்டு ஓவியங்கள் வரைந்திருந்தார். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன.

“ஏழு வருஷம் கழிச்சு என் கை எனக்குத் திரும்பி வந்துருக்கு சார். இதத்தான் கண்காட்சியில வெக்கப்போறேன்.”

* நனைந்த புல் தட்டிகள் வழியே காற்றை இழுக்கும் பெட்டி. அறை குளிரும், கூடவே ஈரமும் ஏறும்.

4

செகந்திராபாத்தில் ஓவியக்கூடம் நடத்தும் உமாசங்கர் மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர். பன்னிரண்டையும் பார்த்தார்.

“நக்கோ மேடம், வேணாம். அழகா இருக்கு, ஹவ், ஒத்துக்கறேன். ஆனா சார் எழுதின காயம் எங்க?”

“கூலர் வாங்குனேன், ஆறிப்போச்சு.”

அவர் சிரிக்கவில்லை. “பழைய மாதிரி பன்னெண்டு குடுங்க. இல்லேன்னா ஹாலை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

(உமாசங்கரை வில்லனாக்கிவிட்டேனோ? அவர் செய்த ஒரே குற்றம், நான் எழுதியதை நம்பியது.)

5

ஒரு முடிவு: கல்பகம் மறுத்துவிடுகிறார். எனக்குப் பிடித்த முடிவு. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று: நான் மறுப்பு எழுதுகிறேன். ‘என் கட்டுரையில் நான் காயம் என்று குறிப்பிட்டது உண்மையில்’

அந்த வாக்கியம் மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. கட்டுரை இப்போது ஒரு கல்லூரியில் பாடம்.

நடந்தது இது. நேற்று கல்பகம் தொலைபேசியில் அழைத்தார். வெளியே நாற்பத்தோரு டிகிரி. கூலரை நிறுத்திவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து வரைந்துகொண்டிருந்தார்.

“எட்டு முடிஞ்சுது சார். ஒரு படத்துக்கு எத்தன விளிம்பு வேணும்னு உமாசங்கரக் கேட்டுச் சொல்றீங்களா? இல்ல, உங்களுக்கே தெரியுமா?”

வெள்ளிக்கிழமை கண்காட்சி. நீங்கள் வரலாம். ஓவியங்களுக்கு முன்னால் கல்பகமும் நிற்பார். உங்கள் பக்கத்தில் இருப்பவர் ஒரு கோட்டைக் காட்டி, “என்ன வலி பாருங்க” என்பார். அங்கே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.